எலும்பில் இருந்த பாடபேதம்



பண்டைக் காலத்து மன்னன் ஒருவன் எப்போது வாழ்ந்தான், எங்கே இறந்தான், அவனுக்குப் பின் பட்டத்துக்கு வந்தவர் யார் என்பனவற்றை வரலாற்றாசிரியர்கள் எவ்வாறு அறிகின்றார்கள் என்று கேட்டால், கல்வெட்டு, செப்பேடு, நாணயம், அயல்நாட்டார் குறிப்பு என்று நீங்கள் வரிசையாகச் சொல்லிவிடுவீர்கள். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வரிசையில் மற்றோர் ஆவணமும் வந்து சேர்ந்தது. அது மனிதனுடைய எலும்புக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பது. பல ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் நான். அவ்வாவணத்தை ஒரு பெரிய வழக்கில் அறிஞர்கள் எவ்வாறு படித்தார்கள், அதில் கண்ட ஓர் எழுத்து வேறுபாடு எவ்வாறு முதலில் ஐயத்தை வளர்த்துப் பின்னர் அதனைத் தீர்த்தும் வைத்தது என்பதை இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

வழக்கு ரஷ்ய நாட்டைச் சேர்ந்தது. ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலஸ் 1917 மார்ச்சு மாதத்தில் முடிதுறந்தார் என்பது நம் பாடப்புத்தகங்களில் உள்ள செய்தியே. முடிதுறந்த மன்னரும் அவர் குடும்பத்தாரும் காவலில் வைக்கப்பட்டு, இறுதியில் யூரல் மலைப்பகுதியிலுள்ள எக்காத்தரீன்பர்க் நகரத்தில், இப்பாத்தியேவ் என்னும் பொறியாளருடைய வீட்டில் அடைக்கப்பட்டனர். 1918 ஜூலை 16-ஆம் நாள் நள்ளிரவு கடந்து, 17-ஆம் நாள் பிறந்த வேளையில், அவ்வீட்டின் கீழறை ஒன்றில் பதினொருவர் கொல்லப்பட்டனர். மன்னர், அரசி அலெக்சாந்திரா, ஒல்கா, தத்தியானா, மரியா, அனஸ்தாசியா என்ற நான்கு பெண்கள், பதின்மூன்று வயதுப் பாலகன் அலெக்ஸி ஆகியோர் எழுவர். மருத்துவர் போத்கின், பணிப்பெண் தெமிதோவா, சமையற்காரர் கரித்தோனவ், ஏவலர் துருப்பு ஆகியோர் நால்வர்.

ஜாரின் ஆட்சியைப் புகழ்வதற்காக நான் இதனைச் சொல்லவில்லை. 1905-ஆம் ஆண்டில், தம்மிடம் முறையிட வந்த தொழிலாளர் கூட்டத்தின் மீது படைவீரர் சுட்டதையும், அவ்வாட்சியில் உழவர்கள் பட்ட துன்பத்தையும் வரலாறு மறக்கவில்லை. ஆயினும் ஓர் ஆட்சியின் குற்றத்துக்காகச் சிறுவனும் பணிப்பெண்ணும் விசாரணையின்றிக் கொல்லப்பட்டதையும் அதே வரலாறு பதிவு செய்தல் வேண்டும். அந்தப் பதிவுதான் நெடுங்காலம் குழம்பிக் கிடந்தது.

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. ஜார் சுடப்பட்டார் என்று மட்டுமே அன்றைய ஆட்சியினர் அறிவித்தனர். குடும்பத்தினர் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பப்பட்டனர் என்றும் கூறினர். உடல்களோ மறைக்கப்பட்டுவிட்டன. 1919-இல் எதிர்த்தரப்பினர் சார்பில் புலனாய்வு செய்த நிக்கோலாய் சோக்கலோவ் என்பவர், நகரத்துக்கு வெளியே ஒரு சுரங்கக்குழி அருகில் கருகிய துணிகளையும் அணிகலன் சிதறல்களையும் கண்டார், உடல்களைக் காணவில்லை. அவை எரித்து அழிக்கப்பட்டன என்ற முடிவுக்கே அவர் வந்தார். உடல் கிடைக்காத இடத்தில் வதந்தி முளைப்பது உலக இயல்பு. 'நானே தப்பிப் பிழைத்த இளவரசி', 'நானே இளவரசன்' என்று பல நாடுகளில் பலர் தோன்றினர். அவர்களுள் அன்னா ஆண்டர்சன் என்ற பெயரில் வாழ்ந்த பெண்மணி மிகப் புகழ் பெற்றார். 1920-இல் பெர்லின் நகரத்துக் கால்வாய் ஒன்றிலிருந்து காப்பாற்றப்பட்ட அவர், தாமே அனஸ்தாசியா என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்து, 1984-இல் அமெரிக்காவில் காலமானார்.

இதற்கிடையில், 1979-ஆம் ஆண்டில், அலெக்சாந்தர் அவ்தோனின் என்ற நிலவியல் அறிஞரும், கேலி ரியாபவ் என்ற திரைப்படத்துறையினரும், எக்காத்தரீன்பர்க்குக்கு அருகில் பழைய காட்டுப்பாதை ஒன்றின் கீழே எலும்புகளைக் கண்டுபிடித்தனர். அக்காலத்து அரசியல் நிலையில் அதனை வெளியிட அவர்கள் அஞ்சினர். எடுத்த மண்டையோடுகளைத் திரும்பவும் அவ்விடத்திலேயே புதைத்துவிட்டுப் பத்தாண்டுகள் வாய்மூடி இருந்தனர். 1989-இல் செய்தி வெளிவந்தது. 1991 ஜூலையில் புதைகுழி முறைப்படி தோண்டப்பட்டது. அங்கே ஒன்பது எலும்புக்கூடுகள் இருந்தன. கொல்லப்பட்டவர்களோ பதினொருவர். இவை யாருடைய எலும்புகள்? இருவர் எங்கே? இவ்வினாக்களுக்கு விடை காண மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. துணைக்கு வந்தது.

உயிரியல் பயிலாதவர்களும் என்னுடன் வரவேண்டும் என்பதற்காக இதனைச் சற்று விளக்கிச் சொல்கிறேன். நம் உடலின் பெரும்பாலான செல்களுக்குள்ளும் உட்கரு ஒன்று உண்டு. ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட பெருநூல் ஒன்று, தந்தை தந்த படியாகவும் தாய் தந்த படியாகவும் அங்கே உள்ளது. உட்கருவுக்கு வெளியே, உணவிலிருந்து ஆற்றலை எடுத்துத் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் உள்ளன. இவற்றுக்கும் சொந்தமாக ஒரு சிறு டி.என்.ஏ. உண்டு என்பதை 1963-இல் கோழிக்கருவை ஆராய்ந்த மார்கிட் நாஸ், சில்வன் நாஸ் என்ற தம்பதியர் வெளியிட்டனர். மனிதனுடைய இச்சிறு நூலின் எழுத்துகள் அனைத்தையும் 1981-இல் கேம்பிரிட்ஜ் நகரத்து ஆய்வாளர்கள் படித்து முடித்தனர். அதன் நீளம் 16,569 எழுத்துகள். அதில் உள்ள ஜீன்கள் 37.

இச்சிறு நூலுக்கு மூன்று சிறப்புகள் உண்டு. முதலாவது, இது தாயிடமிருந்தே பிள்ளைக்கு வருவது. ஆண் தன் தாயின் நூலைத் தன் உடலில் வைத்திருப்பானே அன்றித் தன் பிள்ளைகளுக்குத் தருவதில்லை. ஆகவே தாய், தாயின் தாய், தாயின் சகோதரி, அவள் மகள், அம்மகளின் பிள்ளைகள் ஆகிய அனைவரிடமும் ஒரே பாடம் இருக்கும். இரண்டாவது, ஒரு செல்லில் உட்கரு ஒன்றே ஆயினும், இச்சிறு நூலின் படிகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் இருக்கும். எழுபதாண்டுகள் மண்ணில் கிடந்து சிதைந்த எலும்பிலும் சில படிகளேனும் தப்பியிருக்கக்கூடும். மூன்றாவது, படியெடுக்கும்போது எப்போதேனும் ஓர் எழுத்து மாறிவிடுகிறது. இந்நூலில் கட்டுப்பாட்டுப் பகுதி என்று ஒரு பகுதி உண்டு. அங்கே இம்மாற்றங்கள் மிகுதியாகத் தேங்கி நிற்பதால், உறவல்லாத இரு மனிதரை ஒப்பிட்டால் பெரும்பாலும் சில எழுத்துகள் வேறுபட்டிருக்கும்.

ஏட்டுச்சுவடிகளை நினைத்துப் பாருங்கள். ஒரு மூல ஏட்டைப் பார்த்துப் பலர் படியெடுக்கும்போது, ஒருவர் ஓரிடத்தில் எழுத்தை மாற்றிவிடுவார். அவருடைய ஏட்டைப் பார்த்து எழுதியவர்கள் அனைவரும் அந்த மாற்றத்தையே எழுதுவர். பதிப்பாசிரியர்கள் இவற்றைப் பாடபேதம் என்பார்கள். எந்த ஏடு எந்த ஏட்டின் வழிவந்தது என்பதை அவர்கள் அறிவது இத்தகைய பாடபேதங்களைக் கொண்டே. இதனை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

1992-இல் மாஸ்கோவைச் சேர்ந்த பாவெல் இவானவ் என்ற அறிஞர் எலும்புத் துண்டுகளை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அங்கே தடய அறிவியல் துறையில் பணியாற்றிய பீட்டர் கில் என்பாரும் அவரும் கூடி ஆராய்ந்தனர். உட்கரு டி.என்.ஏ. சோதனை, குழியில் கிடந்தோருள் ஐவர் தாய், தந்தை, மூன்று பெண்மக்கள் கொண்ட ஒரே குடும்பம் என்று காட்டியது. ஆனால் அது எந்தக் குடும்பம்? இதற்கு விடைகாணத் தாய்வழி உறவினர் வேண்டும்.

அரசி அலெக்சாந்திராவின் மூத்த சகோதரி விக்டோரியா. அவர் மகள் ஆலிஸ். ஆலிஸின் மகன், இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்தின் கணவராகிய பிலிப் இளவரசர். அவர் தமது இரத்தத்தைச் சோதனைக்குத் தந்தார். தாய் என்று கருதப்பட்ட எலும்புக்கூட்டின் பாடமும், மூன்று பெண்களின் பாடமும், பிலிப் இளவரசரின் பாடமும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தன. அரசியைப் பற்றிய வினாவுக்கு நல்ல விடை கிடைத்தது.

அடுத்து மன்னர். அவருடைய தாய்வழியில் உயிரோடு இருந்த இருவர் சோதனைக்கு உடன்பட்டனர். ஒருவர் மன்னரின் சகோதரி செனியாவின் வழிவந்த கொள்ளுப்பேத்தி; மற்றவர் மன்னருடைய தாயின் சகோதரி வழிவந்த ஃபைஃப் பிரபு. இவ்விருவர் பாடமும் தம்முள் ஒத்திருந்தன. மன்னர் என்று கருதப்பட்ட எலும்பின் பாடமும் ஒத்துவந்தது, ஓரிடம் நீங்கலாக. 16,169-ஆம் இடத்தில் உறவினர் இருவருக்கும் தைமின் என்ற எழுத்து இருந்தது. எலும்பில் சைட்டோசின் என்ற எழுத்து மேலோங்கி நின்றது. கூர்ந்து பார்த்தபோது, அதே இடத்தில் தைமினும் குறைந்த அளவில் கலந்திருந்தது.

மாணவர்களே, இங்கேதான் ஆராய்ச்சியாளரின் நேர்மைக்குச் சோதனை வருகிறது. மற்ற எழுத்துகள் எல்லாம் ஒத்திருக்க, இந்த ஓரெழுத்தைக் கண்டும் காணாதவர்போல விட்டுவிடலாம். அல்லது, 'ஒத்துவரவில்லை, இவர் மன்னர் அல்லர்' என்று கோப்பை மூடிவிடலாம். கில்லும் அவர் குழுவினரும் இரண்டையும் செய்யவில்லை. ஒருவேளை எலும்பைத் தொட்ட வேறொருவரின் டி.என்.ஏ. அதில் கலந்திருக்குமோ என்று முதலில் ஐயுற்றனர். அதனைத் தீர்க்க, எலும்பிலிருந்து கிடைத்த படிகளைத் தனித்தனியே பிரித்துப் பெருக்கிப் படித்தனர். வேற்று மனிதரின் கலப்பாயின் பிற இடங்களிலும் வேறுபாடு தெரிதல் கூடும். இங்கோ இரண்டு வகைப் படிகளும் அந்த ஓரிடத்தில் மட்டும் வேறுபட்டு, மற்ற இடங்களில் ஒன்றாகவே இருந்தன. ஆகவே அம்மனிதர் உயிரோடிருந்தபோதே அவர் உடலில் இருவகைப் படிகளும் இருந்திருக்கவேண்டும் என்று அவர்கள் கூறினர். இந்நிலைக்கு அறிவியலார் இட்ட பெயர் ஹெட்டிரோபிளாஸ்மி. ஒரே உடலில் இருவகை மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. கூடி வாழ்தல் என்பது அதன் பொருள். 1994-இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்வேறுபாட்டை மறைக்காமல் எழுதினர்.

எலும்புகள் ரோமனவ் குடும்பத்தாருடையவை என்பதற்கு நூற்றுக்கு 98.5 பங்கு உறுதி உண்டு என்று அவர்கள் கணித்தனர். ஆயினும் ஐயம் அடங்கவில்லை. ஒரு மனிதனின் உடலில் இரண்டு பாடங்கள் இருத்தல் அக்காலத்தில் அரிய நிகழ்ச்சி என்றே பலரும் எண்ணியிருந்தனர். எலும்புகளை ஏற்க விரும்பாதவர்களுக்கு இந்த ஓரெழுத்து நல்ல பிடியாயிற்று. ரஷ்ய அரசும் இறுதி முடிவை ஒத்திவைத்தது.

உண்மையில், உயிரினங்களில் இவ்வாறு நிகழ்தல் கூடும் என்பதற்கு முன்னரே குறிப்பு இருந்தது. 1982-இல் அமெரிக்க ஆய்வாளர்களாகிய ஹாஸ்விர்த், லைப்பிஸ் என்ற இருவர், ஒரே தாய்வழியில் வந்த ஹோல்ஸ்டீன் இனப் பசுக்களை ஆராய்ந்தனர். தாய்வழி ஒன்றே ஆயின் எழுத்தும் ஒன்றாக இருக்கவேண்டும் அல்லவா? ஆனால் சில தலைமுறைகளுக்குள்ளேயே ஓரெழுத்து மாறி, மாறிய எழுத்தே நிலைபெற்றிருந்ததை அவர்கள் கண்டனர். ஆயிரக்கணக்கான படிகளுள் ஒன்றில் தோன்றிய மாற்றம் இத்துணை விரைவில் எல்லாப் படிகளையும் எவ்வாறு வென்றது?

இதனை விதைநெல்லைக் கொண்டு விளக்கலாம். ஒரு மூட்டையில் வெள்ளை நெல்லும் சிவப்பு நெல்லும் கலந்திருக்கின்றன. அதிலிருந்து மற்றொரு மூட்டை அள்ளினால் இரண்டும் ஏறத்தாழப் பழைய அளவிலேயே வரும். ஒரு சிட்டிகை மட்டும் எடுத்தாலோ, வெள்ளை மிகுதியாகலாம், சிவப்பு மிகுதியாகலாம், ஒன்று அறவே இல்லாமலும் போகலாம். அச்சிட்டிகையை விதைத்துப் பெருக்கினால் வயல் முழுதும் அதே அளவில் விளையும். தாயின் கருமுட்டை உருவாகும் காலத்தில், மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. படிகள் இவ்வாறே ஒரு குறுகிய வாயில் வழியாகச் செல்கின்றன. சில படிகளே அடுத்த தலைமுறைக்கு வித்தாகின்றன. ஆதலால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளிடையேயும் இருவகைப் படிகளின் அளவு வேறுபடலாம். ஒரு பிள்ளையிடம் ஒருவகை முற்றிலும் மறைந்தும் போகலாம்.

இப்போது வழக்குக்குத் திரும்புவோம். எலும்புக்குரியவர் மன்னரே ஆயின், இக்கலப்பு அவருக்குத் தாயிடமிருந்து வந்திருக்கக்கூடும். அத்தாயின் மற்றொரு பிள்ளையிடமும் அது இருக்கக்கூடும். மன்னருக்கு கியோர்கி என்ற தம்பி ஒருவர் இருந்தார். காசநோயால் வருந்திய அவர் 1899-இல், காக்கசஸ் மலைநாட்டிலுள்ள அபஸ்துமானி என்ற ஊரில், 28-ஆம் வயதில் இறந்தார். புரட்சிக்கு முன்பே இறந்தமையால் அவர் உடல், அரச மரபினரைப் புதைக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்துப் பீட்டர்-பால் பேராலயத்தில் முறைப்படி அடக்கம் செய்யப்பட்டிருந்தது. அந்தக் கல்லறை யாருடையது என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

1994-இல் அக்கல்லறை திறக்கப்பட்டது. கியோர்கியின் எலும்பை இவானவும், அமெரிக்கப் படைத்துறையின் டி.என்.ஏ. ஆய்வகத்தாரும் ஆராய்ந்து, 1996-இல் முடிவை வெளியிட்டனர். கியோர்கியின் பாடம் காட்டிலிருந்து எடுத்த எலும்பின் பாடத்தோடு ஒத்திருந்தது. அது மட்டுமன்று, அதே 16,169-ஆம் இடத்தில், அதே இரண்டு எழுத்துகள், அவருடைய எலும்பிலும் கலந்திருந்தன. கலந்த அளவு மட்டும் அண்ணனுக்கு ஒருவிதமாகவும் தம்பிக்கு வேறுவிதமாகவும் இருந்தது. உறவினரான கொள்ளுப்பேத்தியிடம் தைமின் ஒன்றே எஞ்சியிருந்தது. விதைநெல் உவமையில் நாம் எதிர்பார்த்ததும் இதுவே.

ஏட்டுச்சுவடி உவமையை இங்கே மீண்டும் நினைவுகூருங்கள். இரண்டு ஏடுகள் சரியான பாடத்தில் ஒத்திருந்தால், அதனால் அவை நெருங்கிய உறவுடையவை என்று துணிந்துவிட முடியாது; சரியான பாடம் எல்லா ஏட்டிலும் இருக்கும். ஆனால் வேறெங்கும் காணாத ஒரு பிழை இரண்டிலும் ஒரே இடத்தில் காணப்படுமாயின், இரண்டும் ஒரு மூலத்திலிருந்து வந்தவை என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை. எந்த எழுத்து வேறுபாட்டைக் காட்டி எலும்புகளை மறுத்தார்களோ, அந்த வேறுபாடே எலும்புகளுக்கு மிக வலிய சாட்சியாயிற்று. ஒத்துப்போகாத அந்த ஓரெழுத்தை ஆய்வாளர் மறைத்திருந்தால், கியோர்கியின் கல்லறையைத் திறக்கும் எண்ணமே எழுந்திராது. இந்த உறுதியும் கிட்டியிராது.

1998 ஜூலை 17-ஆம் நாள், கொலை நிகழ்ந்து சரியாக எண்பது ஆண்டுகள் நிறைந்தபோது, அவ்வெலும்புகள் பீட்டர்-பால் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன. ரஷ்யக் குடியரசுத் தலைவர் எல்த்சின் அங்கே நின்று தலைவணங்கினார். மன்னரும் அரசியும் மட்டுமல்லர். மருத்துவரும், பணிப்பெண்ணும், சமையற்காரரும், ஏவலரும் அங்கே இடம் பெற்றனர். பெயரின்றிக் காட்டுப்பாதையில் கிடந்தவர்களுக்கு மீண்டும் பெயர் கிடைத்தது.

காணாமற்போன இருவர் செய்தியும் பின்னர் வெளிவந்தது. 2007-இல், முதற்குழிக்குச் சற்றுத் தொலைவில், தீயில் கருகிய எலும்புத் துண்டுகள் கிடைத்தன. அவை அலெக்ஸிக்கும் அவர் சகோதரியருள் ஒருவருக்கும் உரியவை என்று 2009-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. அவ்வாண்டு மற்றொரு சான்றும் சேர்ந்தது. 1891-இல் ஜப்பான் நாட்டு ஒட்சு நகரத்தில், அப்போது இளவரசராயிருந்த நிக்கோலஸை ஒருவன் வாளால் வெட்டினான். அந்த நாளில் குருதிக்கறை படிந்த சட்டை ஒன்று காக்கப்பட்டிருந்தது. அக்கறையின் டி.என்.ஏ.யும் காட்டில் கிடைத்த எலும்பின் டி.என்.ஏ.யும் ஒருவருடையவை என்று தெளிவாயிற்று. அன்னா ஆண்டர்சனின் வழக்கோ அதற்கு முன்பே முடிந்திருந்தது. 1979-இல் அவருக்கு நடந்த அறுவைச் சிகிச்சையின்போது எடுத்த திசுத்துண்டு மருத்துவமனையில் இருந்தது. 1994-இல் அதனைச் சோதித்தபோது, அது பிலிப் இளவரசரின் பாடத்தோடு ஒத்துவரவில்லை. பிரான்சிஸ்கா ஷான்ஸ்கோவ்ஸ்கா என்ற தொழிலாளப் பெண்ணின் தாய்வழி உறவினரோடு ஒத்துவந்தது.

இச்சான்றின் எல்லையையும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாய்வழியைக் காட்டுமே அன்றி, ஆளைக் காட்டாது. ஒல்காவையும் தத்தியானாவையும் அது பிரித்தறியாது. ஆகவே உட்கரு டி.என்.ஏ., எலும்பின் வயதும் அளவும், பழைய ஆவணங்கள் ஆகிய அனைத்தையும் கூட்டியே முடிவு செய்தனர். ஒரே கல்வெட்டை வைத்துக்கொண்டு ஒரு பேரரசின் வரலாற்றை எழுதக்கூடாது என்று நான் வகுப்பில் சொல்வது வழக்கம். ஆய்வகத்துக்கும் அவ்விதி பொருந்தும்.

அரிது என்று அன்று கருதப்பட்ட இக்கலப்பு, நுண்ணிய கருவிகள் வந்தபின், சிறிய அளவில் மிகப் பலரிடமும் இருப்பது தெரியவந்துள்ளது. ஒருவருடைய இரத்தத்திலும் தலைமுடியிலும் கலப்பின் அளவு வேறாக இருத்தலும் உண்டு. ஆகவே இன்று தடய அறிவியலார், ஓரெழுத்து மட்டும் வேறுபட்டால் 'இவர் உறவினர் அல்லர்' என்று உடனே தள்ளிவிடுவதில்லை. மருத்துவர்களும் இதனைக் கருத்தில் கொள்கின்றனர். மைட்டோகாண்ட்ரியா சார்ந்த சில நோய்களில், பழுதுற்ற படிகள் எந்த அளவில் உள்ளன என்பதைப் பொறுத்தே, தாய்க்கு இல்லாத துன்பம் பிள்ளைக்கு வருகிறது.

மாணவர்களே, நாளை நீங்கள் வரலாறு எழுதினாலும், ஆய்வகத்தில் அமர்ந்தாலும், நீதிமன்றத்தில் வழக்காடினாலும், உங்கள் முடிவோடு ஒத்துப்போகாத ஒரு சான்று ஒருநாள் உங்கள் மேசைக்கு வரும். அதனை ஒளித்து வைக்கத் தோன்றும். ஒளிக்காதீர்கள், அஞ்சி உங்கள் முடிவை உடனே கைவிடவும் வேண்டா. அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அதற்கு விடை தரக்கூடிய கல்லறை எங்கே உள்ளது என்று தேடுங்கள்.